நாற்பத்தொன்றாவது குழு

கன்ட்ரோல் அறையில் அவள் பொத்தானைத் தட்டினாள். நாற்பத்திரண்டு சென்சார் குழுக்களும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் திரையில் வந்து நின்றன.

அப்போது காலை எட்டு மணி.

ரசாயன ஆலையின் ஒவ்வொரு சென்சாரும் சொல்லும் எண்ணை, சொன்ன நேரத்தோடு குறித்து வைக்கும் டேட்டாபேஸ் அது. நேற்று வரை ஒன்றின் கூச்சலில் இன்னொன்று அமுங்கிப் போனது. இனி குழுவுக்கு ஒரு பங்கு. நாளுக்கு இத்தனை எண்கள்தான். தீர்ந்துபோனால், கடைசியாக வந்ததையே காட்டிக்கொண்டிரு.

இந்த விதி, கேன்டீன் தண்ணீர்த் தொட்டிக்காக அவள் எழுதிய டெம்ப்ளேட். அதையே எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டாள். சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்லவில்லை. கெட்டிக்காரி என்றார்கள்.

எச்சரிக்கை மணிகள் அடங்கிவிட்டன. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினொரு மணிக்கு வாக்கி டாக்கி கரகரத்தது. ஏழாம் டேங்கைப் பார்த்துக்கொள்ளும் இருதயராஜ்.

“மேடம், கிட்ட போனா மூஞ்சி காந்துது. அங்க எவ்ளோ காட்டுது?”

திரையில் எண் பச்சை எழுத்தில் இருந்தது.

“அறுபத்தொரு டிகிரிதாண்ணே.”

“அப்ப வெயிலுதான். ஏறி வால்வ பாத்துட்டு வந்துர்றேன்.”

டேங்குக்கு இருபத்திரண்டு படி. ஏறுகிறவர் பேசும் பொத்தானை அமுக்கிப் பூட்டிவிட்டு, படிகளை எண்ணிக்கொண்டே ஏற வேண்டும். வழுக்கி விழுந்தால் கீழே தெரியட்டும் என்று வைத்த வழக்கம். ஏறி முடிக்கும்வரை மற்றவர் பேசுவது அவர் காதில் விழாது.

“ஒண்ணு... ரெண்டு...”

அவள் சும்மா திரையில் பழைய எண்களைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். பத்து மணிக்கும் அறுபத்தொன்று. ஒன்பதே காலுக்கும் அதே அறுபத்தொன்று.

காய்கிற டேங்க் ஒருநாளும் இப்படி அசையாமல் இருக்காது.

சூடு ஏற ஏற, அந்த சென்சார் அடிக்கடி எண் அனுப்பும். அதற்காகத்தான் அதை வாங்கினார்கள். ஒரு நாள் பங்கை ஒன்றே கால் மணி நேரத்தில் தீர்த்துவிட்டது. உள்ளே கொதிப்பது மேலே வால்வருகே எந்த நொடியும் பீறிடலாம்.

“அண்ணே, ஏறாதீங்க! எறங்குங்க!”

“ஏழு... எட்டு...”

டெம்ப்ளேட்டில் அந்தப் பங்கின் வரம்பை அழித்தாள். உண்மையான எண் வந்த நொடியில் டேங்கடியில் சைரன் தானாக அலறும். அவர் இறங்கிவிடுவார். ஓடிப்போய்ச் சொல்ல நேரமில்லை.

ஒரே டெம்ப்ளேட். தனியாக எதையும் மாற்ற முடியாது. குழுக்கள் வரிசைப்படிதான் மாறும். கேன்டீன் ஒன்றாவது. ஏழாம் டேங்க் நாற்பத்தொன்றாவது.

வரிசையைப் போட்டதும் அவள்தான்.

திரையில் இருபத்தாறாவது குழு மாறியது.

“பதினாலு... பதினஞ்சு...”

முப்பத்தைந்து.

“பத்தொம்பது.” அவருக்கு மூச்சு வாங்கியது. “யப்பா, என்னா சூடு.”

முப்பத்தொன்பது.

“இருவது.”

நாற்பது.

“இருவத்தொண்ணு.”

ஜன்னல் அவளுக்கு இடப்பக்கம் இருந்தது. அங்கிருந்து ஏழாம் டேங்க் நன்றாகத் தெரியும்.

அவள் திரும்பவில்லை.