வியாழக்கிழமை நடுக்கம்

போர்ட் பிளேரில் இப்போது மின்வெட்டு மாதிரி நிலநடுக்கத்துக்கும் அட்டவணை உண்டு. கடலடியில் இந்தியத் தட்டு பர்மா தட்டுக்குக் கீழே நுழைந்து சேர்க்கும் அழுத்தத்தை, வார்டு வார்டாகச் சிறு சிறு நடுக்கங்களாக வெளியேற்றுகிறார்கள். முதல் நாளே குறுஞ்செய்தி அனுப்புவது என் வேலை. மறுநாள் ஜனங்கள் பாத்திரங்களைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு டீ குடிப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை என் மனைவி மஞ்சரி ஆபீசுக்குப் போன் செய்தாள்.

"ஏங்க, வீடு ஆடுதுங்க. வெளிய வந்து நிக்கிறேன்."

எங்கள் ஆபீசை மட்டும் ஆடாதபடி கட்டியிருக்கிறார்கள். நான் அட்டவணையைப் பார்த்தேன்.

"நமக்கு வியாழக்கிழமைதான். இது பக்கத்து வார்டு ஆட்டமா இருக்கும். உள்ள போய் வேலையப் பாரு."

"சரி, அடுப்புல குழம்பு வேற கொதிக்குது," என்று உள்ளே போனாள். அடுத்த நிமிடம் எங்கள் தெருவே இடிந்து விழுந்தது.

புதன்கிழமை அவளை அடக்கம் செய்தேன். வியாழக்கிழமை காலை, ஆளில்லை என்று என்னையே கூப்பிட்டார்கள். அதிகாரி எழுதிக் கொடுத்ததை எங்கள் வார்டு முழுவதற்கும் அனுப்பினேன்.

"அழுத்தம் தானாகவே வெளியேறிவிட்டதால் இன்றைய நிலநடுக்கம் ரத்து. ஒத்துழைப்புக்கு நன்றி."

என் சட்டைப்பையில் மஞ்சரியின் போன், செய்தி வந்ததாக ஒருமுறை ஒலித்தது.