குளத்துக்கு ஒரு மூட்டுவலி

வீட்டில் நீச்சல் குளம் வேண்டுமென்றால் யாருக்காவது மூட்டுவலி இருக்க வேண்டும். மகுடபதியின் அப்பாவுக்கு இருந்ததால்தான் நீர்வாரியம் இவர்கள் குளத்துக்குத் தண்ணீர் விட்டது. மூட்டின் அசைவை அளந்து வாரியத்துக்கு அனுப்பும் கைப்பட்டையோடு அவர் தினமும் அரை மணி நேரம் நீந்த வேண்டும் என்பது நிபந்தனை.

திங்கட்கிழமை காலையில் அவர் இறந்துபோனார்.

"வெள்ளிக்கிழமை நம்ம புள்ளயப் பொண்ணு பாக்க வர்றாங்க. குளம் இருக்குதுன்னுதானுங்க சம்மதிச்சாங்க. அதுவரைக்கும் யாருக்கும் சொல்ல வேண்டாமுங்க," என்றாள் மகுடபதியின் மனைவி சாந்தாமணி.

அப்பாவை உள்ளறையில் ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்கள். யாரும் அழவில்லை. அவருடைய கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு மகுடபதி குளத்தில் இறங்கினார். ஒரு குளத்துக்காக இவ்வளவும் செய்யலாமா என்று முதல் நாள் நினைத்தார். தண்ணீர் சுகமாக இருந்தது. அப்புறம் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை வாரியத்திலிருந்து செய்தி வந்தது. "வாழ்த்துகள். உங்கள் மூட்டு முழுமையாகக் குணமாகிவிட்டது. இனி உங்களுக்குக் குளம் தேவையில்லை."

மதியமே லாரி வந்து தண்ணீரை உறிஞ்சத் தொடங்கியது. சாந்தாமணி குளத்துப் படியில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து, "மாமனாருக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சா?" என்று கேட்டார்கள்.

"அவருக்கு ஒண்ணுமில்லீங்க," என்றாள். "நல்லாயிட்டாருன்னு தண்ணிய எடுத்துட்டுப் போறாங்க."