இடது பக்கம் இழுக்கும் வண்டி

ஐந்தாவது முறையாக வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்த மெக்கானிக், ஆபரேஷன் முடித்து வரும் டாக்டரைப் போல முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாஸ்டர் எழுந்து நின்றார்.

"வண்டியில ஒண்ணுமே இல்ல" என்றார் மெக்கானிக்.

மாஸ்டர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். வண்டி நன்றாக இருக்கிறது என்று கேட்டு இடிந்துபோன ஆளை மெக்கானிக் அதுவரை பார்த்ததில்லை.

மாஸ்டர் இருபத்திரண்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கற்றுக்கொள்பவர் வலது சீட்டில் ஸ்டியரிங்கோடு, அவர் இடது சீட்டில், காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக். மனைவி இறந்துபோன இந்த ஆறு வருஷத்தில் வீட்டில் இருந்ததைவிட அந்தச் சீட்டில் இருந்ததுதான் அதிகம். ஆள் சேர்ப்பது, காகிதங்களைப் பார்ப்பது எல்லாம் ஆபீசில் அவருடைய அக்கா பொறுப்பு. ரோடு மட்டும் இவர் பொறுப்பு.

ரோட்டில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. முப்பது வகுப்பு முடிந்தும் வண்டியை நேராகப் பிடிக்க வராதவர்களை "உங்களுக்கு இது வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். நடந்து போகிறவர்களும் உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டுமே. ஒரு பேங்க் மேனேஜரையும் சொந்த மச்சானையும் அப்படித்தான் அனுப்பினார்.

நாலு மணி மேடத்துக்கு இன்றோடு முப்பது.

பெயரை விட்டுவிட்டு வகுப்பு நேரத்தை வைத்தே ஆளைச் சொல்வது ஸ்கூல் வழக்கம். நாலு மணி மேடத்துக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சிரித்தால் வண்டிக் கண்ணாடி அதிரும். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் வண்டி இடது பக்கமாக, ஓரத்தில் நிற்கும் மரங்களிடம் நலம் விசாரிக்கப் போவதைப் போல, மெல்ல மெல்லச் சாயும். வண்டிதான் இழுக்கிறது என்பார் மேடம். மாஸ்டர் அதை அப்படியே நம்பினார். நம்பாவிட்டால் அவரை அனுப்பியாக வேண்டும். மாஸ்டரோ நாலு மணிக்காக மூன்றரைக்கே சட்டை மாற்றிக்கொள்ளத் தொடங்கியிருந்தார்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வண்டி இழுக்கிறது என்று அவர் புலம்பும்போதெல்லாம் அக்கா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொள்வாள்.

மெக்கானிக்கும் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நாலு டயரிலும் காற்றைப் பார்த்தார். முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டார். கோளாறு டயரில் என்றால் இழுப்பும் பக்கம் மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. அலைன்மென்ட் பார்த்தார். ஒரு பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ என்று ஓடி வந்த சக்கரங்களைத் தொட்டுச் சூடு பார்த்தார். அவர் ஓட்டினால் வண்டி நேராகப் போனது. மாஸ்டர் ஓட்டினாலும் நேராகப் போனது.

"இனிமே மாத்திப் பாக்க ஆளுங்கதான் மிச்சம்" என்றவர், சாயங்காலம் நாலு மணி வகுப்பில் தானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

கடைத்தெரு தாண்டி ரோடு நேரானதும் வண்டி வழக்கம்போல மரங்களைத் தேடியது. மெக்கானிக் வண்டியை நிறுத்தச் சொன்னார். மாஸ்டரைப் பின்னால் அனுப்பிவிட்டு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். வண்டி நூல் பிடித்ததைப் போல ஓடியது. மறுபடியும் மாஸ்டரை முன்னால் உட்கார வைத்தார். மறுபடியும் மரங்கள்.

"கண்டுபிடிச்சாச்சு. கோளாறு இடது சீட்டுல இருக்கு" என்றார் மெக்கானிக். அதற்கு மேல் விளக்கம் சொல்ல மறுத்துவிட்டார். திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு தோள் குலுங்க வந்தார்.

பட்டறையில் ஒரு லாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வண்டி நுழையும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. மேடம் அதில் பின்பக்கமாக ஒரே மூச்சில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். மாஸ்டர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. நம்மைப் பார்த்தாலே இந்த அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. இருபத்திரண்டு வருஷம் என்னத்தைக் கற்றுக்கொடுத்தோம் என்று நொந்துபோயிருந்தார்.

மெக்கானிக் இறங்கிப் போனதும் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், முப்பது வகுப்பு முடிஞ்சுபோச்சு. தப்பு உங்க மேல இல்ல, என் மேலதான். ஆனாலும் சட்டம்னு ஒண்ணு இருக்கு. உங்களுக்கு இது வேண்டாம்."

மேடம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பைக் காணவில்லை. அதைப் பார்த்ததும் மாஸ்டரின் சட்டம் ஆட்டம் கண்டுவிட்டது.

"வேலைக்குப் போய் வரத்தானே கத்துக்க வந்தீங்க?" என்றார் அவசரமாக. "நீங்க ஓட்டவே வேண்டாம். தினமும் நானே கொண்டுபோய் விடறேன். இருக்கிற காலம் முழுக்க விடறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. காது இரண்டும் சிவந்துவிட்டன.

மேடம் அவர் பக்கம் திரும்பி நிதானமாகப் பார்த்தார். "காலையில நாலரைக்குப் போகணும். பரவாயில்லையா?"

"நாலு மணிக்கே வாசல்ல நிப்பேன். எங்க இறக்கிவிடணும்னு மட்டும் சொல்லுங்க."

"பஸ் டிப்போவுல" என்றார் மேடம். "முதல் பஸ்ஸைப் பதினாறு வருஷமா நான்தான் ஓட்டறேன்."