முதல் ரயில் வந்த நாள்

புல்வெளி நடுவே எங்கள் ஊர் ரயிலுக்காகப் பிறந்தது. இப்போது எந்த ரயிலும் இங்கே நிற்பதில்லை. ஆனாலும் வருடந்தோறும் முதல் ரயில் வந்த நாளில் ஊரே மாலையும் ஓர் அண்டா சர்க்கரைப் பொங்கலுமாக நடைமேடையில் காத்திருக்கும். இந்த வருடம்தான் எனக்கு முன்வரிசை கிடைத்தது.

ரயில் வேகம் குறையாமல் பாய்ந்தது. கழிவறைத் தண்ணீர் மாலையிலும் முகங்களிலும் திறந்த அண்டாவிலும் தெறித்தது. விழாத் தலைவர் சவரியப்பன் முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, பொங்கலை ஒரு கிளறு கிளறினார்.

"அய்யய்யே, கொட்டிருங்கண்ணே!" என்றேன்.

"நம்ம ரயிலுடா" என்று என் இலையில் வைத்தார். "வருசா வருசம் தெறிக்கத்தான் செய்யுது. போன வருசம் நீ ரெண்டாந்தடவ கேட்டு வாங்கித் தின்னியே."