ஒரே தட்டில்

பிரேக் டிரம் கையோடு வந்துவிட்டது.

நாலு தட்டாவது தட்ட வேண்டியிருக்கும் என்று சுத்தியலை எடுத்து வைத்திருந்தார். முன்பக்கம் நசுங்கி, போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கட்டி இழுத்து வந்த கார். அதன் பின்சக்கர டிரம் பாத்திர மூடி மாதிரி கழன்று வந்தது.

குனிந்து உள்ளே பார்த்தார்.

உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இத்தனை இடைவெளி இருக்கக் கூடாது.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஓட்டியவள் மருமகள் தமயந்தி. பக்கத்தில் அவர் மகன். அவன் போய்விட்டான். அவள் கை ஒடிந்ததோடு தப்பினாள்.

தப்பியதுதான் குற்றமாகிவிட்டது.

காரியத்துக்கு வந்தவர்கள் இலையில் உட்கார்ந்துகொண்டே அவளைப் பேசினார்கள். அவர் மனைவி பேத்தியைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போனவள்தான். பெற்றவளிடம் இன்னும் தரவில்லை.

இன்று காலை தமயந்தி அவருடைய மெக்கானிக் ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

"முழுசா மிதிச்சேன் மாமா. நிக்கல. நீங்க ஒருக்கா கழட்டிப் பாருங்க. நீங்க சொன்னா அத்தை நம்புவாங்க."

நம்புவாள். பிரேக் விஷயத்தில் அவர் சொன்னால் அந்தத் தெருவே நம்பும்.

மறுபக்க டிரம்மும் கையோடு வந்தது.

அந்த இடைவெளியைச் சரியாக வைக்கும் அட்ஜஸ்டர்களைத் துடைத்துப் பார்த்தார். இடப்பக்கத்தில் இருக்க வேண்டியது வலப்பக்கத்தில். வலப்பக்கத்தில் இருக்க வேண்டியது இடப்பக்கத்தில்.

இரண்டுக்கும் மரை எதிரெதிர். மாறிவிட்டால், மிதிக்க மிதிக்க இறுக வேண்டியது தளர்ந்துகொண்டே போகும். அதனால்தான் ஒரு சக்கரத்தை முடித்து மூடாமல் அடுத்ததில் கை வைக்க மாட்டார்கள்.

மகனுக்கு வங்கியில் வேலை. மலைக்குப் போவதற்கு முந்தின வாரம், பிரேக்கை நானே சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்தான். இரண்டு பக்கத்துச் சாமான்களும் ஒரே தட்டில், மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன.

அவர் பார்த்தார்.

சொன்னால் அவனுக்குப் பொசுக்கென்று கோபம் வரும். எதற்கு வம்பு என்று காப்பி குடிக்கப் போய்விட்டார்.

பாவிப் பயல். பாவி அப்பன்.

வீட்டுக்குள் குழந்தை அழுதது. யாரோ சமாதானம் செய்தார்கள். அழுகை நிற்கவில்லை.

செத்தவன் பேர் கெடக் கூடாது என்று நினைத்தார். தன் பேரும்.

அட்ஜஸ்டர்கள் இரண்டையும் கழற்றினார். அதனதன் பக்கத்தில் பொருத்தினார். டிரம்மைப் போட்டு, லேசாக உரசிக்கொண்டு சுற்றும்வரை அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைத் திருகினார். கையால் சுற்றிப் பார்த்தார். இன்னும் ஒரு பல் திருகினார். யார் வண்டிக்கும் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

நிமிர்ந்தபோது தமயந்தி நின்றிருந்தாள். ஒரு கை மாவுக்கட்டோடு தொங்கியது. மறு கையில் அவருக்கு டீ.

கிரீஸ் படிந்த விரல்களைத் துணியில் ஒவ்வொன்றாகத் துடைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிரேக் சரியாத்தாம்மா இருக்கு."

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

பிறகு குனிந்து, பிரேக்கை மிதித்த தன் வலது பாதத்தைப் பார்த்தாள்.