கம்பத்து ஓலை

அந்த ஆள் குனிந்து என் படகின் அடிப்பலகையைத் தட்டினார்.

மறுபடியும் தட்டினார். பலகையை நகர்த்தி, அடியில் தண்ணீர் ஊறியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். ஊறியிருக்கவில்லை. ராத்திரியெல்லாம் நான்தான் துணி போட்டு ஒற்றி எடுத்திருந்தேன்.

தலைக்கு மேலே, மூங்கில் கம்பத்தின் நுனியில் தென்னை ஓலை ஆடிக்கொண்டிருந்தது. ஆற்றில் படகுகளிலேயே நடக்கும் எங்கள் சந்தையில் அன்னாசி விற்கிறவர்கள் கம்பத்தில் அன்னாசியைக் கட்டுவார்கள், பூசணி விற்கிறவர்கள் பூசணியை. ஓலை கட்டியிருந்தால் படகே விற்பனைக்கு.

இன்று மதியத்துக்குள் கன்தோ நகரத்து ஆஸ்பத்திரியில் முன்பணம் செலுத்த வேண்டும். என் வீட்டுக்காரர் லுவமுக்கு இடது காலில் ரத்த ஓட்டம் அடைத்துக்கொண்டது. பணம் போய்ச் சேர்ந்தால் நாளைக்கு ஆபரேஷன். சேராவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பக்கத்துப் படகுக்காரர்கள் யாரும் வாங்க மாட்டார்கள். இருப்பதையே தள்ளிவிட்டுக் கரையேறத்தான் அவர்கள் வழி பார்க்கிறார்கள். வெளியூர் ஆள்தான் வர வேண்டும். மூன்று நாளில் வந்த ஒரே வெளியூர் ஆள் இந்த தோம் அண்ணன். கா மா என்கிற ஊரில் இளநீர் வியாபாரமாம்.

போகிற காபிப் படகை நிறுத்தி அவருக்கு ஒரு ஐஸ் காபி வாங்கிக் கொடுத்தேன். அதைக் குடித்து முடிக்கும் வரையாவது இருப்பார் அல்லவா.

"இன்ஜினைப் போடு தங்கச்சி, பார்ப்போம்."

கயிற்றை இழுத்தேன். கிளம்பவில்லை. இரண்டாவது முறையும் கிளம்பவில்லை. சனியனே, இன்றைக்கு மட்டும் மானத்தை வாங்காதே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மூன்றாவது முறை இழுத்தேன். இருமிக்கொண்டே ஓட ஆரம்பித்தது.

"எந்திரிக்கும்போதே கோவத்தோட எந்திரிக்குது. எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா, இதே கதைதான்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். சரியாகச் சிரித்தேனா என்று தெரியவில்லை.

விலை சொன்னேன். குறைத்துக் கேட்டார். உடனே தலையாட்டிவிட்டேன். ஆட்டிய பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டால் ஏதோ கோளாறு இருக்கிறது என்று நினைக்க மாட்டாரா. இருபது வருடம் அன்னாசி விற்றவளுக்கு ஒரு பேரம் பேசத் தெரியவில்லை.

அவர் அப்படி நினைக்கவில்லை போலிருக்கிறது. சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றினார்.

அப்போது முதல் டூரிஸ்ட் படகு வளைவில் திரும்பியது.

இன்னும் இரண்டு நிமிடம் கழித்து வந்தால் என்னவாம். சீக்கிரம் எடுங்கண்ணே என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

படகு நேராக எங்களை நோக்கித்தான் வந்தது. ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் போட்ட பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள். முன்னால் கையில் மைக்கோடு குவோய். நல்லவன்தான், டூரிஸ்டுகளைக் கூட்டி வருகிறவன், வாய்தான் ஓயாது. இங்கிலீஷில் ஏதோ சொல்லிக்கொண்டே என் கம்பத்தைக் காட்டினான். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். செல்போன்கள் உயர்ந்தன.

தோம் அண்ணனின் கை பைக்குள்ளேயே இருந்தது.

"என்னத்த தம்பி படம் எடுக்கறாங்க?" என்று குவோயைக் கேட்டார். "இந்தப் படகை வாங்கப்போறது நான்தான். அதையும் சொல்லு அவங்ககிட்ட."

குவோய் மைக்கை இறக்கிவிட்டுச் சிரித்தான்.

"அண்ணே, ஊருக்குப் புதுசா? அது எங்க கம்பெனி கட்டச் சொன்ன ஓலை. வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு. இந்தத் தோவா அக்காவுக்கு அதுக்குன்னு தினம் காசு குடுக்கறோம். ரெண்டு வருஷமா இந்தப் படகு வித்துக்கிட்டேதான் இருக்கு."

பொய் சொல்லவில்லை அவன். இரண்டு வருடமாக அது வேடிக்கை ஓலைதான். மூன்று நாளாகத்தான் நிஜ ஓலை. அதை அவனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் கம்பெனி வேறு படகைப் பார்த்துக்கொள்ளும், படகு விற்கும் வரை வருகிற அந்தக் காசும் நின்றுபோகும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன மாதம் அவன், "படம் எடுக்கறப்ப கொஞ்சம் சோகமா உக்காருங்கக்கா" என்று கெஞ்சியபோது, போடா என்று விரட்டியவளும் நான்தான்.

"இல்லண்ணே. இப்ப நெஜமாவே விக்கிறேன். என் வீட்டுக்காரருக்குக் கால்..."

அதற்கு மேல் வரவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் ஏங்கி ஏங்கி அழுதேன்.

குவோய் மைக்கில் என்னவோ சொன்னான். வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள்.

தோம் அண்ணனின் முகம் சிவந்துவிட்டது. பொத்தானைப் போட்டுக்கொண்டார். பாதி குடித்த காபியைப் பலகையில் வைத்துவிட்டுத் தன் படகுக்குத் தாவினார். நான் எத்தனை முறை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

குவோய் எட்டிக் குனிந்து அன்றைய காசை என் கையில் வைத்து அழுத்தினான்.

"அசத்திட்டீங்கக்கா. நாளைக்கும் இதே மாதிரி அழுதீங்கன்னா, கம்பெனில சொல்லிக் கூடப் போட்டுக் குடுக்கச் சொல்றேன்."