கடைசிக் கோடு

“அவன் செருப்பு ஒரு ஜோடி எடுத்து வைம்மா. அந்தப் பாறையில நடந்து நடந்து, போட்டிருந்தது தேய்ஞ்சே போயிருக்கும்” என்றார் ரேடியோ மெக்கானிக்.

அவள் எடுத்து வந்து பெட்டியில் வைத்தாள்.

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. ஆன்டெனாக் குழாய்கள், கேபிள் சுருள்கள், தண்ணீர் கேன்கள். நாளைக்குப் படகு. போன தடவையும் இதே கூடத்தில்தான் மூட்டை கட்டினார்கள். ஆள் இல்லாத தீவில் கூடாரம் போட்டு உலகத்தோடு ரேடியோவில் பேச வேண்டும் என்று மெக்கானிக்கையும் சேர்த்து மூன்று நண்பர்களுக்கு ஒரு கிறுக்கு. போன இடத்தில் புயல். மீட்க வந்த படகில் இரண்டு பேர் ஏறிவிட்டார்கள். மூன்றாவது ஆள், இவள் புருஷன், கரையிலேயே நின்றுபோனான். நெட்டையாக இருப்பதால் நண்பர்களுக்கு அவன் ‘கொக்கு’.

தேடிய விமானம் யாரும் இல்லை என்று திரும்பிவிட்டது. அவள் துறைமுக ஆபீஸ் படியைத் தேய்த்துப் பார்த்தாள். செத்தவனுக்காகப் படகு அனுப்ப முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ஒரு சாயங்காலம் மெக்கானிக்கின் ரேடியோவில், புள்ளியும் கோடுமாக, மெலிசாக, கொக்கின் மோர்ஸ் கேட்டது.

“அது அவர்தான்னு எப்படிண்ணா உறுதியாச் சொல்றீங்க?” டார்ச்சுகளுக்கு பேட்டரி போட்டபடியே கேட்டாள்.

முன்பும் கேட்ட கேள்விதான். மெக்கானிக்குக்குப் பதில் சொல்லி அலுக்கவே இல்லை.

“கையெழுத்து மாதிரிதாம்மா இதுவும். ஒவ்வொருத்தன் கை ஒரு தினுசு. கடைசியில வர்ற கோட்டை மட்டும் உன் வீட்டுக்காரன் ஜவ்வா இழுப்பான். எத்தனை தடவை திட்டியிருக்கேன்! உனக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?”

“எனக்கு என்னண்ணா தெரியும்? வருஷக்கணக்கா அந்தச் சத்தத்துல தூங்கினதுதான்.”

“நாம கூப்பிட்டா மட்டும் பதில் வரலை. அவன் செட்டுல கேக்குற பாகம் போயிருக்கணும். போகட்டும். துறைமுகத்துக்காரங்களே காதால கேட்டுட்டாங்க. இல்லைன்னா அவங்களாவது, படகு குடுக்கிறதாவது!”

போன தடவை படகில் முதலில் ஏறியவர் அவர்தான். அந்தச் சத்தம் கேட்ட நாளிலிருந்துதான் அவருக்குத் தொண்டையில் சோறு இறங்குகிறது.

“உள்ள அவனோட பழைய ரேடியோ செட் ஒண்ணு கிடக்குதே, எடுத்துக்கவா? ஒண்ணு மக்கர் பண்ணினா இன்னொண்ணு உதவும்.”

“அது வேண்டாம்ணா” என்றாள் பட்டென்று. “அது மட்டும் இங்க இருக்கட்டும்.”

பாவம், புருஷன் ஞாபகம் என்று அவர் விட்டுவிட்டார். பெட்டியை ஒருமுறை பார்த்தார். எல்லாவற்றுக்கும் மேலே புத்தம்புது வெள்ளைத் துணி ஒன்று, நல்ல நீளமாக, மடித்திருந்தது.

“போர்வையா? நான்தான் கம்பளியே ரெண்டு வெச்சிருக்கேனே.”

“அதுவும் இருக்கட்டும்.” அவள் நிமிரவில்லை. “எப்படியாவது அவரைக் கொண்டு வந்துடுங்கண்ணா.”

“கொண்டு வர்றதுக்கு அவன் என்ன மூட்டையா? கூட்டிட்டு வாங்கன்னு சொல்லும்மா!” என்று சிரித்தார் மெக்கானிக். அவள் சிரிக்கவில்லை.

“சரி, டார்ச்சை உள்ள வெச்சு மூடிடு. வர்றேன். எழுபத்து மூணு!” ரேடியோக்காரர்கள் விடைபெறும்போது சொல்வது அது. நல்லா இருங்க என்று அர்த்தம்.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அழுகை முட்டியது. கையிலிருந்த டார்ச்சின் பொத்தானில் அவள் கட்டைவிரல் தானாக அழுந்தியது. வெள்ளைத் துணிமேல் வெளிச்சம் விழுந்து விழுந்து அணைந்தது. நீளமாக இரண்டு, குட்டையாக மூன்று. மறுபடி குட்டையாக மூன்று, நீளமாக இரண்டு.

எழுபத்து மூன்று. வாசலில் நின்ற மெக்கானிக்குக்கு அதைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசி வெளிச்சம் மட்டும் சட்டென்று அணையாமல், ஜவ்வாக இழுத்துக்கொண்டு நின்றது.

“கொண்டு வந்துடுங்கண்ணா” என்றாள் அவள் மறுபடியும்.

இந்தத் தடவை அவர் திருத்தவில்லை.